துடைப்பம் கட்டிய மரம்

என் மாமியார் எல்லம்மாளுக்கு உலகத்தில் இரண்டு பேரைக் கண்டால் ஆகாது. ஒன்று நான். இன்னொன்று பருத்திப்பட்டு ஏரிக்கரையை ஒட்டி எங்கள் கொல்லையில் நின்ற ஜாதிக்காய் மரம். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் அந்த வீட்டுக்கு வந்தவர்கள். ஒன்பது வருஷமாகச் சோறும் தண்ணீரும் வாங்கிக்கொண்டு இரண்டும் ஒன்றும் காய்க்கவில்லை என்பது அவள் வழக்கு.

நான் வந்தது திருமழிசையிலிருந்து, மாட்டு வண்டியில். மரம் வந்தது பினாங்கிலிருந்து, கப்பலில். என் வீட்டுக்காரர் சம்பத்து கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் பினாங்கில் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்த்தார். அங்கிருந்து திரும்புகிறவர்கள் சட்டைத் துணி கொண்டு வருவார்கள், டார்ச் லைட் கொண்டு வருவார்கள். இவர் கடலோரச் சேற்றில் முளைத்துக் கிடந்த ஒரு கன்றை மண்ணோடு பெயர்த்து, மண்ணெண்ணெய் டின்னில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கப்பலில் தமக்குக் கொடுத்த குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினாராம். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது எனக்கு இவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. கன்றுக்கென்று இன்னொரு குவளை தண்ணீர் கேட்டு வாங்காத மனுஷன் நாளைக்குப் பெண்டாட்டிக்காக எப்படி வாயைத் திறப்பான் என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். பதினாறு வயதில் யார் யோசிக்கிறார்கள்?

ஜாதிக்காய் மரம் என்று கேள்விப்பட்டதும் மாமியார் முதலில் குளிர்ந்துதான் போனாள். பச்சைக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் ஜாதிக்காயைக் கல்லில் இழைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். "எம் பேரனுக்குக் கடைக்குப் போய் ஜாதிக்கா வாங்கத் தேவல. ஊட்லயே காய்க்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். புதிதாக ஒரு உரசு கல்லையும் வாங்கி வந்து மாடத்தில் வைத்தாள். அந்தக் கல்லில் அப்புறம் பல்லி முட்டை இட்டதுதான் மிச்சம்.

மரம் என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது. ஐப்பசியில் ஏரி நிரம்பிக் கொல்லைக்குள் தண்ணீர் வந்தால் எலுமிச்சை அழுகும், முருங்கை சாயும். இது மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு துளிர் விடும். கடலோரத்துப் பிள்ளைக்குக் கால் நனைந்தால்தான் சந்தோஷம். ஏழாம் வருஷம் பூத்தது. கடுகு கடுகாய் மஞ்சள் பூ. ஆனால் வாசனை ஏரியின் அக்கரை வரைக்கும் போகும். மாமியார் வீடு வீடாய்ச் சர்க்கரை கொடுத்தாள். ஒரு மாதத்தில் அத்தனை பூவும் உதிர்ந்து தரை மஞ்சளாயிற்று. ஒரு பிஞ்சு கிடையாது. எட்டாம் வருஷமும் அப்படியே.

அப்போதுதான் துடைப்பம் வந்தது. காய்க்காத மரத்துக்குப் பழைய துடைப்பத்தையும் பிய்ந்த செருப்பையும் கோத்துக் கட்டிவிட்டால் அது வெட்கப்பட்டுக் காய்க்கும் என்பார்கள். மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை தேய்ந்த துடைப்பக்கட்டை ஒன்றையும், அறுந்துபோன தன் செருப்பு ஜோடியையும் கயிற்றில் கோத்து, மாலை மாதிரி மரத்தின் கழுத்தில் மாட்டினாள். முடிச்சுப் போடும்போது மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே வாரத்துல வந்த சனியனுங்க" என்றாள்.

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டேன். கண்ணைக் கழுவுவதற்கு ஏரி மாதிரி சவுகரியமான இடம் கிடையாது. யாரும் கேட்க மாட்டார்கள்.

சீமை ராஜாவுக்கு வெள்ளி ஜூபிலி கொண்டாடினார்களே, அந்த வருஷம் கார்த்திகையில் மூன்றாம் தடவையாக மரம் மொட்டு விட்டது. மாமியார் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தீர்ப்பைச் சொன்னாள். "தோ பாரு சம்பத்து. தை பொறக்கறதுக்குள்ள இந்த மரம் பிஞ்சு வெக்கணும். வெச்சா இவளுக்கும் ஒரு வழி பொறக்கும்னு அர்த்தம். வெக்கலேன்னா குத்தம்பாக்கத்துல ஜம்புலிங்கம் பொண்ணு வசந்தா கீறா. தைல பரிசம் போட்டுடுவேன்."

என் வீட்டுக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "பாக்கலாம்மா" என்றார்.

அந்த ரசச் சட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனேன்.

துடைப்பத்துக்கு மசியாத மரத்துக்கு அடுத்த வைத்தியம் கோடாலி. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் கோடாலியை ஓங்கி, "உன்னை வெட்டப்போறேன்" என்று மிரட்ட வேண்டும். இன்னொருத்தர் குறுக்கே விழுந்து, "இந்த ஒரு தடவை விட்டுடுங்க. அடுத்த வருஷம் கட்டாயம் காய்க்கும். நான் ஜாமீன்" என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்துபோய்க் காய்த்துவிடும். மிரட்டுவதற்குப் பக்கத்து வீட்டுக் கோதண்டத்தை மாமியார் கூப்பிட்டாள். கோதண்டம் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர். கெஞ்சுவதற்கு என்னை நிறுத்தினாள்.

கோதண்டம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற ஆள் இல்லை. மீசையை முறுக்கிக்கொண்டு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். "அடே மரமே! ஒம்போது வருஷமாத் தின்னுப்புட்டு, இந்த ஊட்டுக்கு ஒரு பிஞ்சு குடுக்கத் துப்பில்லாம நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? உன்னை வெச்சிக்கினு இன்னா பிரயோஜனம்? வெட்டிப் போட்டுட்டு வேற ஒன்னு நட்டா ஆச்சு!"

மாமியார் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவும் அவள் மனசில் இருந்த வார்த்தை. கோதண்டம் கோடாலியைத் தலைக்கு மேல் தூக்கி, ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்ச வேண்டிய இடம் அது. எதற்கு ஜாமீன்? யாருக்கு ஜாமீன்? எனக்கே ஜாமீன் நிற்க ஆளில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

வேஷத்தில் மூழ்கிப்போன மனுஷன் எவ்வளவு நேரம்தான் கோடாலியை ஆகாசத்தில் பிடித்துக்கொண்டு நிற்பார்? இறக்கிவிட்டார். இரண்டு விரல் ஆழத்துக்குப் பட்டையில் இறங்கிற்று. கோடாலியைப் பிடுங்கினார். வெட்டின இடம் ஒரு மூச்சு நேரம் வெளுப்பாய் இருந்தது. அப்புறம் அங்கிருந்து சிவப்பாய்க் கசிந்தது. கசிந்தது சொட்டிற்று. சொட்டினது அடிமரத்தில் கோடாய் வழிந்தது. அசல் ரத்தம் மாதிரியே இருந்தது.

"ஐயோ, கொல பண்ட்டேன்!" என்று துரியோதனன் கோடாலியை ஏரிக்குள் வீசிவிட்டு வேலியைத் தாண்டி ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

"மத்த மரத்துல பால் வர்றாப்பல இதுக்கு செவப்பா வரும் போலக் கீது" என்றார் என் வீட்டுக்காரர். வழக்கம்போல அவருக்கே கேட்காத குரலில் சொன்னார்.

மாமியார் நடுங்கிப்போனாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே! நீதான் வந்து நிக்கிறியா? தெரியாம தொடப்பம் கட்டிட்டேனே, ஆத்தா!" என்று அலறிக்கொண்டே அந்தத் துடைப்ப மாலையை அறுத்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் எறிந்தாள். வீட்டுக்குள் ஓடி, வசந்தாவுக்கென்று எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து மரத்துக்குச் சுற்றினாள். வெட்டின இடத்தில் மஞ்சளை அப்பினாள். எனக்குப் போட்டியாக வரப்போகிற பெண்ணுக்கு வாங்கின புடவை மரத்துக்குப் போனதில், அந்தக் கலவரத்திலும் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

மறுநாளிலிருந்து எங்கள் கொல்லையில் திருவிழா. ஆவடியிலிருந்து ஜனம் வந்தது, பாரிவாக்கத்திலிருந்து வந்தது. எலுமிச்சம்பழம், வேப்பிலை, கிளை கிளையாய்க் கண்ணாடி வளையல். ஒருத்தி மரத்துக்கு மூக்குத்தி குத்த இடம் தேடினாள். ஆக மரத்துக்கு நல்ல காலம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. "ஆத்தாளே ஊட்டுக்கு வந்துட்டா. இனிமே நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது" என்று மாமியார் குத்தம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பிவிட்டாள். தை மூன்றாம் தேதி பரிசம்.

மார்கழியில் மஞ்சளும் குங்குமமும் சாம்பிராணியும் தீர்ந்துபோயின. வாங்கி வரச் சொல்லி என்னைப் பூந்தமல்லி கடைத்தெருவுக்கு அனுப்பினாள். எந்தத் துக்கத்திலும் எனக்குப் பூ வைத்துக்கொள்ளாமல் வெளியே போகத் தெரியாது. ஆத்தா மரத்துப் பூவையே ஒரு கொத்துக் கிள்ளிச் செருகிக்கொண்டு நடந்தேன்.

ஷவுகத் அலி நாட்டுமருந்துக் கடையில் அன்று அவர் இல்லை. அவர் பெண்டாட்டி ஜுபைதா கடைக்குள்ளே தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கடுக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பினாங்கில் பிறந்து வளர்ந்து பூந்தமல்லிக்கு வாழ வந்தவள். நான் உள்ளே குனிந்ததும் மூக்கை உறிஞ்சினாள்.

"யக்கா, உங்க தலையில இன்னா பூ? எங்க ஊரு வாசனை அடிக்குதே!"

கொத்தை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வாப்பா ஜாதிக்காத் தோட்டத்துல வேலை பாத்தாங்க. இது கடலோரத்துல தானா வளர்ற வகை. தோட்டத்து ஜாதிக்காயும் இதுவும் ஒரே சொந்தம்தான்" என்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். துடைப்பம், கோடாலி, ரத்தம், புடவை, வசந்தா. அவள் ஒரு பூவை எடுத்து நகத்தால் பிளந்து வெளிச்சத்தில் பார்த்தாள். இன்னொன்றைப் பிளந்தாள். பத்துப் பூவைப் பிளந்திருப்பாள்.

"யக்கா, இது காய்க்காது. இது ஆம்பள."

"இன்னாது?"

"ஜாதிக்கா மரத்துல ஆம்பள வேற, பொம்பள வேற. பூக்குற வரைக்கும் அல்லாவுக்குத்தான் தெரியும். பாருங்க, நடுவுல மகரந்தம் மட்டும்தான் இருக்கு. பிஞ்சு உக்கார்ற எடமே இல்ல. ரத்தமும் இல்லக்கா அது. எந்த ஜாதிக்கா மரத்தைக் கீறினாலும் செவப்பாத்தான் ஒழுகும். எங்க தோட்டத்துல பத்துப் பொம்பள மரத்துக்கு ஒரு ஆம்பளைய நிக்க வெச்சிட்டு, மிச்ச ஆம்பளையெல்லாம் வெட்டிடுவாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அதுக்கா, யக்கா, உங்க மாமி பட்டுப் பொடவை கட்டி விட்டாங்க?"

இரண்டு பேரும் சிரித்தோம். சுக்கு மூட்டை மேல் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருஷம். அந்த மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. காய்க்காததற்காகத் துடைப்பம் சுமந்தது. ஜுபைதா ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னேன். முழுவதையும் சொன்னேன், அதுதான் நான் செய்த பிசகு. மாமியார் மரத்தைப் பார்த்தாள். அப்புறம் விறுவிறுவென்று போய்ப் புடவையை அவிழ்த்து உதறி மடித்தாள். வளையலையெல்லாம் உருவினாள். கொடியில் காய்ந்த மகனின் வேஷ்டியை எடுத்து மரத்துக்குச் சுற்றி, பட்டையாய் விபூதி பூசினாள். "ஆத்தா இல்ல, முனீஸ்வரன்!" என்றாள். அவளைத் தோற்கடிக்க முடியாது.

"அத்தே, அது காய்க்கலியேன்னு திட்டினீங்களே?"

"ஆம்பள எப்பிடிடி காய்க்கும்? அதும்மேல இன்னா தப்பு?"

"அப்போ ஏன் தொடப்பம் கட்னீங்க?"

"தெரியாம கட்னேன்."

"எனக்கு மட்டும் தெரிஞ்சா கட்டுறீங்க?"

பதிலுக்கு வேண்டியதை நான்தான் முன்னாலேயே கொட்டிக் கொடுத்துவிட்டேனே. "நீ தானே சொன்னே, ஒரு ஆம்பளைக்குப் பத்துப் பொம்பளைன்னு? பத்தா கேட்டேன்? எம் புள்ளைக்கு ரெண்டாவதா ஒன்னுதானே கேக்கறேன்!" என்று புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். நேரே போய் முன்னால் நின்றேன். எனக்கு வந்த கோபம் மாமியார் மேல் இல்லை. அவள் பேசுகிறாள், நானும் பேசிவிடுவேன். பேசாத மனுஷன் மேல்தான் கோபம்.

"இந்தாங்க. அந்த மரத்துக்காவது ஒருத்தி நகத்தால கிள்ளிப் பாத்து இன்னா ஏதுன்னு சொன்னா. என்னை யார் பாத்தாங்க? உங்களை யார் பாத்தாங்க?"

அவர் மண்வெட்டியை நிறுத்தினார். பாத்தி நிரம்பி வழிந்தது. அதைத் திருப்பிவிடாமல், "கொறை எங்கிட்ட இருக்குமோ?" என்றார்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. உங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் வேஷ்டி கட்டின மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி இந்த ஆளை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நான் அன்றைக்கே என் துணிமணியை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

தை மூன்றாம் தேதி வந்தது. குத்தம்பாக்கத்து ஜம்புலிங்கம் சுற்றத்தார் ஆறு பேரோடு வில்வண்டியில் வந்து இறங்கினார். நல்ல மனுஷன், என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே வந்தார். முனீஸ்வரன் நிழலில் ஜமக்காளம் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கும் மடித்த அரக்குப் புடவையும் வைத்தார்கள். கோதண்டமும் வந்திருந்தார், மரத்திலிருந்து நன்றாகத் தள்ளியே உட்கார்ந்தார். கேசரி கிளறியது நான்தான். அதில் உப்பு போடாமல் விட்டேன் என்பதை என் பொறுமைக்கு அத்தாட்சியாகச் சொல்கிறேன்.

"டேய் சம்பத்து! வாடா, வந்து சபைக்கு ஒரு கும்பிடு போடு" என்று மாமியார் கூப்பிட்டாள்.

மாட்டுக்கொட்டகைப் பக்கத்திலிருந்து அவர் வந்தார். சலவை வேஷ்டி, நெற்றியில் விபூதி. கழுத்தில் அந்த மாலை. அதே தேய்ந்த துடைப்பக்கட்டை, அதே அறுந்த செருப்பு ஜோடி. அறுந்த கயிற்றுக்குப் பதில் புதுக்கயிறு போட்டு, நெஞ்சுக்கு நேரே தொங்கும்படி பதவிசாய்க் கோத்திருந்தார். ஒருத்தரையும் பார்க்காமல் நடந்து வந்து மரத்துக்குப் பக்கத்தில், மரம் மாதிரியே நிமிர்ந்து நின்றார்.

கோதண்டம், "கூத்துல கூட இப்பிடி ஒரு வேசம் இல்லியே" என்று முனகினார்.

"இன்னாடா இது அசிங்கம்?" என்றாள் மாமியார்.

"ஒம்போது வருசம் காய்க்காததுக்கு நீ இதைத்தானேம்மா கட்டுவே? அதான், உனக்கு எதுக்கு சிரமம்னு நானே கட்டிக்கினேன்." குரல் நடுங்கிற்று. ஆனால் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஐயா, கொறை எங்கிட்ட கீதா, பொன்னம்மா கிட்ட கீதான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே இவளுக்கு ஒம்போது வருசம் கட்டி வெச்சிட்டோம். நானும் பாத்துக்கினு சும்மாதான் நின்னேன். உங்க பொண்ணுக்கும் ஒரு ஒம்போது வருசம் கட்டணுமா? நீங்களே சொல்லுங்க."

கல்யாணமாகி அவர் அவ்வளவு நீளமாகப் பேசினது அதுதான் முதல் தடவை. நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தேன். இந்த ஆளுக்காகப் பாதித் தண்ணீர் இல்லை, முழுத் தண்ணீரையும் ஊற்றலாம் என்று நினைத்தேன்.

ஜம்புலிங்கம் எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "தம்பி, நீ யோக்கியன். ஆனா எம் பொண்ணு வேணாம்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த நாகரிகம் தெரிந்தவர்கள்.

வண்டி திரும்பினதுதான் தாமதம், மாமியார் பாய்ந்து மகனின் கழுத்திலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி அதாலேயே அவரை அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்கு ஓங்கின கை அப்படியே நின்றுவிட்டது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தாள். எதிரே ஜமக்காளத்தில் அந்தப் புடவை கிடந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் போய் அவர் கழுத்திலிருந்த செருப்பைக் கழற்றி எடுத்தேன். அவர் கழுத்தில் கயிறு உராய்ந்த தடம் இருந்தது. அதைத் தொட்டேன், மாமியார் எதிரிலேயே.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாய்ப் பூத்து நின்ற மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏண்டி, இந்தத் தடிப்பய மரம் இப்பிடியே ஒண்டியா நிக்கணுமா? அந்தப் பூந்தமல்லிக்காரி பினாங்குக்குக் காயிதம் போட்டா, இதுக்கு ஜோடியா பொம்பளக் கன்னு வருமா?"

"போடச் சொல்றேன் அத்தே" என்றேன். "ஒன்னுக்குத்தான். பத்து வேணாம்."